மாமனாரின் விசா டெபாசிட்டும் மைத்துனரின் கரும்பு வயலும்

கேள்வி: நான் லண்டனில் வேலை பார்க்கிறேன். கணவர் ஆங்கிலேயர். அவருடைய அப்பாவுக்கு 73 வயது. மாமியார் காலமான பிறகு 2014-ல் தாய்லாந்துக்குப் போனவர், உடோன் தானியில் அந்த ஊர்ப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறார். 2017-ல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசு பென்ஷனும் (முழுத் தகுதி உண்டு), மாதம் 620 பவுண்டு கம்பெனி பென்ஷனும் வருகின்றன.

ஓய்வுக்கால விசாவை வருஷா வருஷம் நீட்டிக்க வங்கியில் 8 லட்சம் பாத் (தாய்லாந்து நாணயம்) வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து மே மாதம் மனைவியின் தம்பிக்கு நெல், கரும்புச் செலவுக்கென்று 4 லட்சம் கொடுக்கிறார். அறுவடை முடிந்து திரும்பி வருவது குறைந்துகொண்டே போகிறது. முந்தின வருஷம் 60,000 பாத் குறைந்தது. போன வருஷம் 1,50,000. இரண்டு முறையும் நாங்கள்தான் அனுப்பினோம். இந்த வருஷம் பிக்கப் வண்டி முன்பணம் என்று ஆகஸ்டில் இன்னொரு 1,50,000 கொடுத்துவிட்டார். இப்போது கணக்கில் இருப்பது 2,50,000. நவம்பரில் 2,90,000 தருவதாக அவருடைய மைத்துனர் சொல்கிறார். மிச்சம் 2,60,000 பாத்துக்கு, அதாவது சுமார் 6,000 பவுண்டுக்கு, நாங்கள் பர்சனல் லோன் எடுக்கலாமா? ஒரு ஏஜென்ட், 25,000 பாத் கொடுத்தால் பணமே காட்டாமல் முடித்துத் தருகிறேன் என்கிறாராம். நண்பர்கள் 5 வருஷ பிரிவிலேஜ் விசா வாங்கச் சொல்கிறார்களாம். பிப்ரவரி கடைசியில் விசா முடிகிறது. அப்பாவை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று கணவர் சரியாகத் தூங்குவதே இல்லை.

- லண்டன் வாசகி

பதில்: லோன் எடுக்க வேண்டாம். உங்கள் மாமனார் தாய்லாந்தில் தொடர்ந்து இருப்பதற்கு இந்த வருஷம் உங்கள் பணம் தேவையே படாது என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மே மாதப் பழக்கத்தைப் பார்க்க வேண்டும்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பிருந்து 8 லட்சம் இருக்க வேண்டும், நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் தொடக்கூடாது, அதற்கப்புறம் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 2019-ல் இந்தக் கெடுபிடி வந்தது. மே கடைசியில் அந்த 3 மாதம் முடிகிறது. நெல் நடவுக்குப் பணம் வேண்டிய நேரமும் அதுதான். எந்தத் தேதியில் அந்தக் கணக்கிலிருந்து 4 லட்சம் எடுக்கலாம் என்பது இப்போது அந்தக் குடும்பத்துக்கே மனப்பாடமாகியிருக்கும். மைத்துனர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, குறைந்தால் லண்டனிலிருந்து வந்துவிடும். இப்படி ஒரு கடன் கிடைத்தால் யாராக இருந்தாலும் திருப்பும் தொகை குறைந்துகொண்டுதான் போகும்.

நீங்கள் அனுப்பியதைக் கூட்டிப் பாருங்கள். 60,000, 1,50,000, இப்போது கேட்கும் 2,60,000. மூன்று வருஷத்தில் 4,70,000 பாத். பவுண்டுக்கு 43 பாத் என்று வைத்தால் ஏறக்குறைய 11,000 பவுண்டு. விசாவுக்கு என்று பெயர் சொல்லி உங்களிடம் கேட்பது அத்தனையும் கரும்பு வயலுக்கும் பிக்கப்புக்கும்தான் போகிறது. இந்த 6,000 பவுண்டை 9 சதவீத வட்டியில் 3 வருஷ லோனாக எடுத்தால் மாதம் 190 பவுண்டு கட்ட வேண்டும். சில தவணைகள் கட்டுவதற்குள் அடுத்த மே வந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் மாமனாருக்குக் காட்டுங்கள். தாய்லாந்தில் இருக்கும் பிரிட்டிஷ் முதியவர்கள் சாயங்காலம் ஒரு மேஜையைச் சுற்றிக் கூடினால் முதலில் பேசுவது பென்ஷன் உறைந்துபோனதைப் பற்றித்தான். அவர்கள் வருத்தம் நியாயமானது. பிலிப்பைன்ஸில் இருக்கும் பிரிட்டிஷ்காரருக்கு வருஷா வருஷம் அரசு பென்ஷன் ஏறுகிறது, தாய்லாந்தில் இருப்பவருக்கு ஏறுவதில்லை. உங்கள் மாமனாருக்கு 2017-ல் கிடைத்த வாரம் 159.55 பவுண்டுதான் இன்றைக்கும். 2025 ஏப்ரலில் முழுத் தொகை 230.25 ஆகிவிட்டது. வாரம் 70.70 பவுண்டு நஷ்டம், வருஷத்துக்கு ஏறக்குறைய 1,58,000 பாத். இப்போது மைத்துனர் விஷயத்துக்கு வாருங்கள். மூன்று வருஷத்தில் 4,70,000 என்றால் வருஷத்துக்குச் சராசரி 1,57,000 பாத். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. முதலாவதை மாற்ற லண்டன் பாராளுமன்றம் மனது வைக்க வேண்டும். இரண்டாவதை அவரே மாற்றலாம். ஆனால் அந்த மேஜையில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் வீட்டில் இதே கதை நடக்கிறது.

அந்த மேஜையிலிருந்து வந்திருக்கும் மற்ற இரண்டு யோசனைகளும் வேண்டாம். ஏஜென்ட் செய்வது பொய்க் கணக்கு. யாருடைய பணத்தையோ சில நாள் காட்டி முத்திரை வாங்குவது, அல்லது பணமே காட்டாமல் உள்ளே சரிக்கட்டுவது. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பார்கள். பிடிபட்டால் நீட்டிப்பு ரத்தாகும், மறுபடி நாட்டுக்குள் வர முடியாமலும் போகலாம். 73 வயதில், மனைவியும் வீடும் அங்கே இருக்கும்போது, 25,000 பாத் கொடுத்து அந்த ஆபத்தை வாங்க வேண்டுமா?

பிரிவிலேஜ் விசா சட்டப்படியானதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 கணக்குப்படி குறைந்த விலைப் பிரிவே 6,50,000 பாத். 5 வருஷத்துக்கு என்றால் வருஷம் 1,30,000, திரும்பி வராத பணம். டெபாசிட் அவருடைய பெயரிலேயே இருக்கும், ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் எடுக்கலாம். கையில் 2,50,000 வைத்திருப்பவருக்கு 6,50,000 பாத் பொருளைச் சிபாரிசு செய்யும் நண்பர்கள், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. உங்களிடமிருந்துதான் வரும்.

வழி என்ன? அவருக்கு முறையாகப் பதிவான திருமணம் இருக்கிறது. தாய்லாந்துப் பிரஜையை மணந்தவர் என்ற அடிப்படையில் விண்ணப்பித்தால், 2 மாதம் முன்பிருந்து வங்கியில் 4 லட்சம் பாத் இருந்தால் போதும். இப்போதிருக்கும் 2,50,000 பாத்தோடு மைத்துனர் தருவதாகச் சொன்ன 2,90,000 சேர்ந்தால் 5,40,000. அவர் பாதிக்குச் சற்று மேல்தான் கொண்டுவந்தார் என்றாலும், 1,50,000 வந்துவிட்டால் 4 லட்சம் ஆகிவிடும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் அது கணக்கில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இதற்குக் காகித வேலை அதிகம். திருமணப் பதிவு ஆவணங்கள், வீட்டுக்குள்ளும் வாசலில் கதவு எண் தெரியவும் இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோக்கள், சாட்சி, வங்கிக் கடிதம், அன்றைக்கே வரவு பதிந்த பாஸ்புக். வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. ஒரு மாதம் பரிசீலனையில் இருக்கும். அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறும். அதோடு, ஆகஸ்டில் கணக்கு 4 லட்சத்துக்குக் கீழே போனது ஓய்வுக்கால விசாவின் நிபந்தனையை மீறியதுதான். அதை மறைக்கப் பார்க்க வேண்டாம். இப்போதே, நவம்பர் வரை காத்திருக்காமல், மனைவியோடும் பாஸ்புக்கோடும் உடோன் தானி இமிகிரேஷன் அலுவலகத்துக்கு அவரே போய் அடிப்படையை மாற்ற முடியுமா என்று கேட்கட்டும். மனைவி பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த வருஷத்திலிருந்து இன்னும் சுலபம். திருமண அடிப்படையில் டெபாசிட்டுக்குப் பதில் மாதம் 40,000 பாத் வருமானம் காட்டலாம். அவருடைய அரசு பென்ஷன் மாதம் சுமார் 29,700 பாத், கம்பெனி பென்ஷன் 26,700. மொத்தம் 56,400. தகுதி ஏற்கெனவே இருக்கிறது! ஆனால் இந்த மாதம் லண்டன் கார்டில் ஏடிஎம், அடுத்த மாதம் மொத்தமாக ஒரு தொகை என்று வந்தால் அது வருமானமாக நிற்காது. பிரிட்டிஷ் தூதரகம் வருமானக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டதால், வங்கிக் கணக்கில் மாதாமாதம் வெளிநாட்டு வரவாகப் பதிவானதுதான் ஆதாரம். ஆகவே இந்த மாதமே லண்டன் வங்கியில் நிரந்தர உத்தரவு போட்டு, மாதம் 45,000 பாத்துக்குக் குறையாமல் தாய்லாந்துக் கணக்குக்கு வரச் செய்யுங்கள். இதை உங்கள் கணவர் ஒரு மாலையில் போனில் உட்கார்ந்து அப்பாவோடு செய்துவிடலாம்.

"பணத்தைக் கொண்டுவந்தால் வரி" என்ற பேச்சும் அங்கே ஓடும். வருஷத்தில் 180 நாள் தாய்லாந்தில் இருப்பவர் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் 2024 முதல் வரிக் கணக்கில் சேரும் என்பது உண்மை. ஆனால் 65 வயதைத் தாண்டியவருக்கு 1,90,000 பாத் விலக்கு, தனிநபர் கழிவு, முதல் 1,50,000 பாத்துக்கு வரி இல்லை என்று எல்லாம் போக, அவருடைய தொகையில் பயப்படும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. பிரிட்டனில் கட்டும் வரியைக் காட்டிக் கழித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. உள்ளூர் கணக்காளர் ஒருவரிடம் ஒரு தடவை உட்கார்ந்தால் போதும்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம். டெபாசிட் தேவையில்லை என்று தெரிந்த மறுநாளே அந்த 5,40,000 பாத்துக்கு உரிமை கொண்டாட ஆள் வந்துவிடும். அது போகக்கூடாது. 73 வயதில் தனியார் மருத்துவக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பிரீமியம் தாங்காது. பிரிட்டனை விட்டுக் குடிபெயர்ந்தவருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து இலவசமாகச் சிகிச்சை பெறவும் பொதுவாக உரிமை இல்லை. மைத்துனர் ஓட்டும் அந்த பிக்கப்பிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ராத்திரி ஒன்று வரலாம். அன்றைக்குக் கட்ட அவருக்கு இருப்பது இந்தப் பணம் மட்டும்தான். இன்னொன்று, திருமண அடிப்படை என்பது மனைவி இருக்கும்வரைதான். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி ஓய்வுக்கால விசாவின் 8 லட்சத்துக்கே வர வேண்டும். அதனால் 5,40,000 மறுபடி 8 லட்சம் ஆக வேண்டும், அவருடைய சொந்தப் பணத்தில்.

முடியும். மாத வருமானம் 56,400. சொந்த வீட்டில், உடோன் தானியில், இருவருக்கு 40,000 தாராளம். மனைவி வீட்டுக்கு மாதம் 5,000 கொடுக்கட்டும். மிச்சம் 11,400. வருஷத்துக்கு 1,36,800. இரண்டு வருஷத்தில் 2,73,600. உங்களிடம் கேட்கும் அந்த 2,60,000 அவர் பென்ஷனிலேயே இருக்கிறது. மாதாமாதம் வேறொரு வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடட்டும். வட்டி சொற்பம்தான், பரவாயில்லை. ஒரு வங்கியில் 10 லட்சம் பாத் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் கூடும் இடங்களில் டை கட்டிக்கொண்டு வந்து, ஐல் ஆஃப் மேன் காப்பீட்டுத் திட்டம் என்று 8, 10 வருஷம் பூட்டிவைக்கும் பத்திரங்களை விற்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டி எடுத்தால் வெட்டு, உள்ளே கமிஷன். அவர்களோடு ஒரு காப்பிகூடச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த 5,000 பாத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானின் கிராமத்தில் பெற்றோரையும் உடன்பிறந்தவரையும் பார்த்துக்கொள்வது மகளின் கடமை. ஒரு காசும் கிடையாது என்று நிறுத்தினால் அந்த அம்மா ஊரில் தலைகாட்ட முடியாது. நம் வீடுகளில் அக்காவுக்கு இருக்கும் பொறுப்பு எப்படியோ அப்படித்தான். கொடுப்பது கொடையாக, தொகை தெரிந்ததாக, மாதாமாதம் போகட்டும். கடன் என்ற பெயரில் மட்டும் இனி எதுவும் வேண்டாம்.

மைத்துனருக்கு மே மாதம் பணம் வேண்டும் என்பதும் பொய்யில்லை. கை விட்டால் அவர் கந்துவட்டிக்காரரிடம் போகலாம். தாய்லாந்துச் சட்டம் தனிநபர் கடனுக்கு வருஷம் 15 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்கிறது. கிராமத்துக் கந்துவட்டிக்காரர் அதை ஒரே மாதத்தில் வாங்கிவிடுவார். இன்னும் மோசமானது "காய் ஃபாக்" என்ற பத்திரம். நிலத்தை அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, தவணைக்குள் பணம் கட்டினால் திரும்ப வாங்கலாம் என்பது அதன் ஏற்பாடு. தவறினால் நிலம் போச்சு. இரண்டும் வேண்டாம். விவசாயிகளுக்கென்றே இருக்கும் அரசு வேளாண் வங்கிக்கு அக்கா தம்பியை அழைத்துப் போகட்டும். அங்கே பருவக் கடன் உண்டு, தவணை உண்டு, கட்டாவிட்டால் கேட்க ஆள் உண்டு. இதற்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது.

உங்கள் கணவர் இந்த வாரமே அப்பாவிடம் பேசட்டும். "பணம் தர மாட்டேன்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "4 லட்சம் போதுமாம், இமிகிரேஷனில் கேளுங்கள்" என்று ஆரம்பித்தால் அவர் காது கொடுப்பார். நவம்பரில் மைத்துனர் 1,50,000 பாத்கூடக் கொண்டுவராவிட்டால், குறைவதை மட்டும், மாமனாரின் பெயருக்கே, டிசம்பர் முதல் வாரத்துக்குள் சேரும்படி அனுப்புங்கள். நீட்டிப்பு முத்திரை விழுந்த அதே வாரத்தில் அது உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்று பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.