ஸ்பிரிங் கலப்பை: கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்பிரிங் கொத்துக் கலப்பை, அதன்மேல் விதைப்பெட்டி பூட்டி விதைப்பது, இந்த ரெண்டைப் பற்றியும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி டிராக்டர் இன்ஜினும் ரொட்டவேட்டரும். அவற்றை ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கலப்பைப் பட்டறைக்காரன், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து: அண்ணா, எங்களுடையது கல்லுக்காடு. பக்கத்துத் தோட்டத்துக் கலப்பை கல்லில் பட்டதும் மடங்கி, தாண்டி, உடனே திரும்பிவிடுகிறது. என்னுடையது முட்டிக்கொண்டு டிராக்டரையே உலுக்குகிறது. ரெண்டிலும் ஒரே மாதிரி ஸ்பிரிங்தான். ஏன் இப்படி?

நல்ல கேள்வி தம்பி. ஸ்பிரிங் ஒன்றாக இருந்தால் போதாது. அது கொத்தை, அதாவது மண்ணைக் கிளறும் இரும்புக் காலை, எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறது என்பதில்தான் விஷயம்.

கொத்து ஒரு பின்னில், அதாவது குறுக்கே போட்ட இரும்பு அச்சில், தொங்குகிறது. பின்னுக்குக் கீழே கொழு. மேலே ரெண்டு ஸ்பிரிங், கொத்தைச் சட்டத்தில் உள்ள தடுப்போடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ரெண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 500 கிலோ இழுக்கின்றன. ஸ்பிரிங் இழுக்கும் கோட்டுக்கும் பின்னுக்கும் 12 சென்டிமீட்டர். பின்னிலிருந்து கொழு நுனிக்கு 50 சென்டிமீட்டர். 500-ஐ 12-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 120. அதாவது கொழு நுனியில் 120 கிலோவுக்கு மேல் தள்ளினால்தான் கொத்து அசையும்.

இப்போது கல் தட்டுகிறது, கொத்து பின்னால் சாய்கிறது. ஸ்பிரிங் நீள நீள அதன் இழுப்பு கூடும், 600 கிலோ ஆகிறது என்று வையுங்கள். ஆனால் நன்றாக அமைத்த கலப்பையில், கொத்து சாயும்போது ஸ்பிரிங் கோடு பின்னை நோக்கி நெருங்கி வரும். 12 சென்டிமீட்டர் 7 ஆகிவிடும். 600 தரம் 7, வகுத்தல் 50: 84 கிலோ. பாருங்கள், ஸ்பிரிங் இறுகியிருக்கிறது, ஆனால் நுனியில் பலம் குறைந்துவிட்டது. முதலில் விறைப்பு, அசைந்த பிறகு இளக்கம். அதனால்தான் பக்கத்துத் தோட்டத்துக் கொத்து கல்லை லேசாகத் தாண்டிப் போகிறது. இடைவெளி இன்னும் மிச்சம் இருப்பதால், கல் போனதும் தானாகத் திரும்பியும் விடுகிறது. இடைவெளி சுத்தமாகத் தீர்ந்து ஸ்பிரிங் கோடு பின்னைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விட்டால், கொத்து மேலேயே நின்றுவிடும். இறங்கிப் போய் நீங்கள்தான் மிதித்துத் திருப்ப வேண்டும்.

உங்கள் கலப்பையில் யாரோ ஸ்பிரிங் மாட்டும் காதை உயர்த்திப் பற்றவைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் சாயும்போது இடைவெளி குறையாது, பலம் ஏறிக்கொண்டே போகும், கொத்துக்குப் பதில் சட்டம் வளையும். பழைய ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்பிரிங்கை அங்கேயே மாட்டுங்கள்.

தாராபுரத்திலிருந்து: ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ரெண்டு சுற்றை வெட்டிவிட்டு, காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, புதுக் கொக்கி வளைத்தால் டைட் ஆகுமா?

செய்யாதீர்கள். ஸ்பிரிங்கின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. எண்ணெயில் தோய்த்து, அளவாகச் சூடு காட்டி எடுத்த பதம் அது. நீங்கள் கொக்கியைப் பழுக்கக் காய்ச்சியதும் அந்த இடம் சாதாரணக் கம்பி ஆகிவிடும், இல்லை தண்ணீர் ஊற்றிக் கண்ணாடி மாதிரி நொறுங்க வைப்பீர்கள். இழுப்பு ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கி வளைவில்தான் உடையும், ஏற்கெனவே பளு அதிகம் வாங்கும் இடம் அது. சுற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைக்கும், உண்மைதான். ஆனால் நீளும் தூரமும் குறைந்துவிடும், கல்லைத் தாண்ட இடம் இருக்காது.

புது ஸ்பிரிங் வாங்கும்போது கம்பி கனத்தைக் கேலிப்பரில் அளந்து வாங்குங்கள். 10 மில்லிக்குப் பதில் 11 மில்லிக் கம்பி போட்டால் விறைப்பு பத்து சதவீதம்தான் கூடும் என்று நினைக்காதீர்கள். கம்பிக் கனத்தின் நாலாம் பெருக்கில் ஏறும், கிட்டத்தட்ட 46 சதவீதம். அதனால் ஒன்பது கொத்தில் ஒன்றுக்கு மட்டும் தடித்த ஸ்பிரிங் போட்டால் கல்லடி முழுக்க அந்த ஒரு கொத்துக்குத்தான்.

இன்னொன்று. ஸ்பிரிங் இழுவையில் இருக்கும்போது பின் போல்ட்டைத் தட்டிக் கழற்றாதீர்கள். கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டு ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்கவும் படுக்காதீர்கள். மரக்கட்டை முட்டுக்கொடுத்து, இன்ஜினை அணைத்த பிறகு வேலை.

அரூரிலிருந்து: எந்தக் கம்பெனி கலப்பை நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். கடையில் பின்னைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பின்னைச் சுற்றிய சின்னக் குழல், புஷ் என்பார்கள், அது இருக்கிறதா, தேய்ந்தால் மாற்ற முடியுமா என்று பாருங்கள். புஷ் இல்லாமல் நேரே பட்டையில் ஓட்டை போட்டிருந்தால் வேண்டாம்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா: ஒன்பது கொத்துக் கலப்பையில் விதைப்பெட்டி பூட்டி மானாவாரி நிலக்கடலை விதைத்தோம். சில சால்களில் முளைப்பு அருமை, சிலவற்றில் விதை மேலேயே கிடந்து காக்கை பொறுக்கிவிட்டது. விதைப்பெட்டிக் கோளாறா?

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் கொத்தைப் பாருங்கள் அம்மா. விதைக்குழாயின் வாய் கொத்தின் பின்னால்தான் கட்டியிருக்கும். கொத்து பின்னால் சாய்ந்தால் கொழு நுனி பின்னாலும் மேலுமாக எழும்பும், குழாய் வாயும் சேர்ந்து எழும்பும். கடலைக்கு 4, 5 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த கொத்து கல் இல்லாமலே மண் இழுவையிலேயே பாதி சாய்ந்து ஓடும், விதை ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டரில் விழும். உழவுக்கு அந்தக் கலப்பை பரவாயில்லை என்று தோன்றும். விதைப்பில்தான் குட்டு வெளிப்படும்.

எந்தக் கொத்து என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஈரப்பதத்தில் ஒரு சால் ஓட்டிவிட்டு, நிறுத்தி, ஸ்பிரிங் சுற்றுகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று கிட்டத்தட்ட ஒட்டி இருக்கும், நடுவில் மண் புகுந்திருக்காது. ஓட்டம் முழுக்க விரிந்தே கிடந்த ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ஈரமண் அப்பியிருக்கும், விரல் நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அப்புறம் தடுப்பைப் பாருங்கள். கல்லில் மட்டும் சாய்ந்து திரும்பும் கொத்து தடுப்பில் தட்டித் தட்டி அந்த இடம் வெள்ளிபோல் மின்னும். திரும்பவே திரும்பாத கொத்துக்குத் தடுப்பில் துருவும் புழுதியும்தான் இருக்கும்.

பின் புஷ்ஷையும் சோதியுங்கள். முட்டுக்கொடுத்துத் தூக்கி, கொழு நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். மேலே பின்னில் ஒரு மில்லி ஆட்டம் இருந்தாலும் கீழே நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். கடலையை 30 சென்டிமீட்டர் வரிசையில் போட்டுவிட்டு, பிறகு களையெடுக்கும்போது வரிசை கோணல் என்று டிரைவரைத் திட்டுவோம். பாவம் அவர்.

விதைக்குழாய்க்குக் கொஞ்சம் தளர்ச்சி விட்டுக் கட்டுங்கள். இழுத்துக் கட்டினால் கொத்து மடங்கும்போது குழாய் பிதுங்கிக் கழன்றுவிடும், இல்லை சட்டத்துக்கும் கொத்துக்கும் நடுவே நசுங்கும். டிராக்டர் நின்றுகொண்டிருக்கும்போது கலப்பையை இறக்கவும் வேண்டாம், குழாய் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். நகர்ந்துகொண்டே இறக்கச் சொல்லுங்கள்.

பெயர் போடாமல் ஒருவர்: மானியம் எவ்வளவு?

வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள், இல்லை உழவன் செயலியில் பாருங்கள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து: ஐயா, எங்களுடையது சுத்தக் கரிசல். கல் என்ற பேச்சே இல்லை. நான் எல்லாக் கொத்துக்கும் பட்டை வைத்து வெல்டிங் அடித்துப் பூட்டிவிட்டேன். ஸ்பிரிங் சும்மா நிற்கிறது. முன்பைவிட நல்ல ஆழம் கிடைக்கிறது. ஸ்பிரிங் என்பதே வியாபாரத் தந்திரம் என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். கல்லும் வேரும் இல்லாத கரிசலுக்கு விறைப்புக் கொத்தே சரி. எடை குறைவு, விலை குறைவு, தேய்மானச் சாமானும் குறைவு. ஆனால் பூட்டியதால் ஆழம் கிடைத்தது என்று சொல்கிறீர்களே, அது உங்கள் பழைய ஸ்பிரிங் செத்துக்கிடந்ததற்குச் சாட்சி. பலமான ஸ்பிரிங் இருந்திருந்தால் சாதாரண மண்ணில் கொத்து அசைந்தே இருக்காது, பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் ஒரே ஆழம்தான். ஆழத்தைத் தீர்மானிப்பது ஹைட்ராலிக் லீவரும், கலப்பையின் தலையை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் தண்டும். ஸ்பிரிங் கல்லுக்காக மட்டும்.

(இந்தப் பதிலுக்குப் பிறகு மற்றக் கேள்விகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விருதுநகர்க்காரர் ஒருவர், சீமைக்கருவேல் வெட்டிய நிலத்தில் பூட்டிய கலப்பையை ஓட்டி, அடிக்கட்டை வேரில் மாட்டி, டாப் லிங்க் பின் அறுந்ததைச் சொன்னார். வாடகைக்கு ஓட்டும் ஒருவர், "இன்றைக்குக் கரிசல், நாளைக்குச் சரளை, எனக்கு எப்படிப் பூட்டுவது?" என்று கேட்டார். கோவில்பட்டிக்காரர் விடவில்லை. ஸ்பிரிங் அதிர்ந்து கட்டியை உடைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வது பொய்தானே என்று திரும்பக் கேட்டார்.)

அந்தக் கடைசிப் பேச்சில் அவர் பக்கம்தான் நான். கொத்தே வில்லாக வளைந்து அதிரும் கலப்பை வேறு வகை, எஸ் எழுத்துபோல் வளைத்த ஸ்பிரிங் இரும்புப் பட்டை. அது ஓடும்போது துடித்துக்கொண்டே இருக்கும், கட்டியை உடைக்கும், களையை வேரோடு மேலே தள்ளும். நம் ஒன்பது கொத்துக் கலப்பையில் இருப்பது பாதுகாப்பு ஸ்பிரிங், மண்ணில் துடிக்கவே கூடாது. துடித்தால் பலம் போதவில்லை என்று பொருள். ரெண்டையும் ஒன்றாக்கி விற்பது தப்பு.

ஆனால் வாடகை டிராக்டர்க்காரர் சொன்னதற்கு கோவில்பட்டிக்காரரிடம் பதில் இல்லை. பூட்டிய கொத்து கல்லில் மோதினால் அந்த அடி எங்கே போகும்? கொத்திலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து டாப் லிங்க்குக்கு, கடைசியில் டிராக்டரின் முதுகுக்கு. வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 கிலோமீட்டரில் ஓட்டுவதை 6 ஆக்கினால் மோதலில் உள்ள சக்தி ஒன்றரை மடங்கில்லை, ரெண்டேகால் மடங்கு. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெல்டிங் வேண்டாம், போல்ட் போட்டுப் பூட்டுங்கள். அதுவும் மெல்லிய போல்ட், பெரிய அடி விழுந்தால் அது அறுந்து கலப்பையைக் காப்பாற்றட்டும்.

உழைப்புக்கு ஏற்ற ஆழம் வேண்டும் என்று கேட்ட மற்றவர்களுக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன். அடியில் மண் இறுகிக் கிடந்தால் எந்த ஒன்பது கொத்தும் அதை உடைக்காது. அதற்கு உளிக்கலப்பை, அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

உடுமலையிலிருந்து: உடைந்த ஸ்பிரிங் கொக்கியை வெல்டிங் வைக்கலாமா?

தாராபுரத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: காஸ் இல்லாமல் ஆர்க் வெல்டிங்கில் லேசாக ஒரு புள்ளி மட்டும்?

ஒரு புள்ளியும் சூடுதான்.

மதுரையிலிருந்து, வேளாண் பொறியியல் மாணவர்: தடையைத் தாண்டித் திரும்பும் கொத்து என்ற யோசனை எங்கே தொடங்கியது?

ஆஸ்திரேலியாவில் நன்றாக வளர்ந்தது தம்பி. தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் மல்லி என்றொரு யூகலிப்டஸ் புதர்வகை உண்டு. மேலே வெட்டினாலும் அடியில் கிழங்குபோல் தடித்த வேர்க்கட்டை மண்ணுக்குள்ளேயே இருக்கும், தோண்டி எடுத்து மாளாது. கலப்பைகள் அதில் மோதி உடைந்துகொண்டே இருந்தன. 1876-ல் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவர், ஒவ்வொரு கொழுவும் தனித்தனியாகக் கீலில் தொங்கி, கட்டையில் பட்டால் எழும்பித் தாண்டி மறுபடி மண்ணில் இறங்கும் கலப்பையைச் செய்தார். கட்டையைத் தோண்டும் வேலையே இல்லாமல் போயிற்று, புதர்க்காடு கோதுமைக்காடு ஆயிற்று. அதில் கொழுவைத் திரும்ப இறக்கியது ஸ்பிரிங் இல்லை, எடை. எடையைவிட ஸ்பிரிங் வசதி, ஏனென்றால் வேகமாக இழுக்கும்போது எடை துள்ளும். இன்றைக்கு அங்கே ஓடும் அகலமான விதைப்பு இயந்திரங்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஹைட்ராலிக் சிலிண்டர் கொத்தை அழுத்திப் பிடிக்கிறது. டிராக்டரில் உட்கார்ந்தபடியே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நம் 40 குதிரைத்திறன் டிராக்டருக்கும் ரெண்டு ஏக்கருக்கும் அது தேவையில்லை.

கரூரிலிருந்து: எந்தக் கம்பெனி நல்லது என்று சொல்லுங்களேன்?

மேலே பார்க்கவும்.

பொங்கலூரிலிருந்து: ஸ்பிரிங் கலப்பை அருகம்புல்லை ஒழிக்குமா?

ஒழிக்காது, துண்டுதுண்டாக இழுத்துக் காடெல்லாம் நடும். கோடையில் நல்ல வெயிலில் உழுது, மேலே வந்த கொடியை வாரி அப்புறப்படுத்தினால்தான் உண்டு.

செங்கத்திலிருந்து: கொழு ஒருபக்கம் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

திருப்பிப் போடுங்கள், ரெண்டு முனையும் உழுவதற்குத்தான். ரெண்டும் தேய்ந்து போல்ட் ஓட்டையை நெருங்கும்போது மாற்றுங்கள். ஓட்டை வரை தேய விட்டால் போல்ட் தலை மண்ணில் உரசித் தேயும், பிறகு ஸ்பானர் பிடிக்காது. அப்போது காஸ் வைத்து வெட்டத்தான் வேண்டியிருக்கும். வெட்டும்போது ஸ்பிரிங் பக்கம் ஜுவாலை போகாமல் தகரம் வைத்து மறையுங்கள்.