டி.வி. விவாதத்தில் முஸ்லிம் வெறுப்பு: யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

கேள்வி: எங்கள் ஊரில் ஓர் இந்துப் பெண்ணும் முஸ்லிம் பையனும் விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். இருவருமே மேஜர். பெண்ணின் அப்பா காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பெண் வந்து, "என் விருப்பப்படிதான் போனேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியதை ஒரு செய்தி சேனல் நான்கு நாட்களுக்கு முன் ராத்திரி விவாதமாக்கி, 'லவ் ஜிஹாத்' என்று தலைப்புப் போட்டது. "மக்கள்தொகையைப் பெருக்க அவர்கள் போடும் திட்டம் இது" என்று ஒருவர் பேச, நெறியாளர் தலையாட்டினார். யூடியூபில் அந்தத் தம்பதியின் படத்துக்குப் பின்னால் தீ எரிகிறது. மறுநாள் என்னுடன் வேலை பார்க்கும் முஸ்லிம் தோழி யாரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் கமெண்டில் கேள்வி கேட்டேன், வசவுதான் கிடைத்தது. நான் முஸ்லிம் இல்லை. நான் புகார் செய்யலாமா? செய்தால் ஏதாவது நடக்குமா?
– வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. பாதிக்கப்பட்ட மதத்தைச் சேர்ந்தவர்தான் புகார் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நிகழ்ச்சியைப் பார்த்த யாரும் செய்யலாம். இத்தனை காலமும் முஸ்லிம்களே அவமானத்தையும் பட்டுக்கொண்டு, அது அவமானம்தான் என்று நிரூபிக்கும் வேலையையும் செய்துவந்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது வேலையையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சீக்கிரம் செய்யுங்கள். செய்தி சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ.வின் விதிப்படி, நிகழ்ச்சி முதலில் ஒளிபரப்பான நாளிலிருந்து 7 நாட்களுக்குள் சேனலுக்குப் புகார் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு நான்கு நாட்கள் போய்விட்டன. நேராக அந்த அமைப்புக்கு எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் கடிதம் சேனலுக்குத்தான். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டி.வி. விதிகளின்படி ஒவ்வொரு சேனலும் குறைதீர் அலுவலரின் பெயரையும் முகவரியையும் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புதல் தர வேண்டும், 15 நாட்களில் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன.

எழுதுவதற்கு முன் அந்த வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். எதிர்ப்பு வந்தால் முதலில் மாறுவது தலைப்பும் தம்ப்நெயில் படமும்தான். யூடியூப் பக்கத்தைத் தேதியும் தலைப்பும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒளிபரப்பியதை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டியது சேனலின் கடமை. இருந்தாலும் உங்கள் கையில் ஒரு பிரதி இருப்பது நல்லது.

பெரும்பாலான புகார்கள் தோற்பது கடிதத்தில்தான். "உங்கள் சேனல் எப்போதும் முஸ்லிம்களுக்கு எதிராகவே பேசுகிறது" என்று எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும், "நாங்கள் நடுநிலையோடுதான் செயல்படுகிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு நிகழ்ச்சியை, ஒரு நிமிடத்தைப் பிடியுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இன்ன தேதி இரவு ஒளிபரப்பான விவாதத்தின் 21-ஆவது நிமிடத்தில், விருந்தினர் ஒருவர் முஸ்லிம் ஆண்கள் மக்கள்தொகையைப் பெருக்கும் திட்டத்தோடு திருமணம் செய்வதாகச் சொல்கிறார். நெறியாளர் மறுக்கவில்லை, ஆதாரம் கேட்கவில்லை. சம்பந்தப்பட்ட பெண் தன் விருப்பப்படி சென்றதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த விவரம் நிகழ்ச்சியில் எங்குமே சொல்லப்படவில்லை. இரண்டு பேரின் திருமணத்தை வைத்து ஒரு சமூகம் முழுவதையும் குற்றம் சாட்டும் இந்தப் பகுதி, நடுநிலை, மத நல்லிணக்கம் ஆகியவை பற்றிய என்.பி.டி.எஸ்.ஏ. நெறிமுறைகளுக்கும், விவாத நெறியாளர்களுக்கான வழிகாட்டுதலுக்கும், கேபிள் டி.வி. விதி 6(1)(சி)-க்கும் முரணானது. வீடியோவை நீக்கி, திருத்தம் வெளியிடக் கோருகிறேன்."

விதி 6(1)(சி) என்பது மதங்களையோ சமூகங்களையோ தாக்கும், மதக் குழுக்களை இழிவுபடுத்தும், வகுப்புவாதப் போக்கை வளர்க்கும் நிகழ்ச்சிகளைத் தடை செய்கிறது. அதை எண்ணோடு குறிப்பிடுங்கள். பதில் எழுதுபவர் அந்த விதியை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கூடவே இரண்டு தகவல்களைச் சேருங்கள். 2020 பிப்ரவரி 4 அன்று ஒன்றிய அரசே மக்களவையில், 'லவ் ஜிஹாத்' என்ற சொல் நடப்புச் சட்டங்களில் வரையறுக்கப்படவில்லை, அப்படி எந்த வழக்கும் மத்திய விசாரணை அமைப்புகளால் பதிவாகவில்லை என்று எழுத்துபூர்வமாகப் பதில் சொன்னது. மக்கள்தொகைக் கதைக்கு அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வே போதும். முஸ்லிம் பெண்களின் சராசரிக் குழந்தைப்பேறு 1992-93-இல் 4.4 ஆக இருந்து, 2019-21-இல் ஏறத்தாழ 2.4 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்துப் பெண்களிடம் 3.3-இலிருந்து 1.9-க்கு வந்தது. இரண்டும் இறங்குகின்றன, முஸ்லிம்களிடம் வேகமாக இறங்கியிருக்கிறது. இதை ஒரு நெறியாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

சேனலின் பதில் திருப்தி தராவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்தப் பதில் வந்த அல்லது பதிலுக்கான கெடு முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குப் போங்கள். அங்கே ஒரு விஷயம் முக்கியம்: இதே விவகாரம் நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். யாராவது உற்சாகத்தில் "முதலில் கேஸ் போடுவோம்" என்று சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். ஒரு கதவைத் தட்டப் போய் இன்னொன்று அடைபட்டுவிடும்.

ஏதாவது நடக்குமா என்று கேட்டீர்கள். நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் சமய அமைப்பின் கூட்டத்தை வைத்து, கொரோனாவை முஸ்லிம்கள் பரப்புவதாகச் சேனல்கள் வாரக்கணக்கில் கத்தின. அதற்கு விலை கொடுத்தது தெருவில் காய்கறியும் பழமும் விற்ற எளிய முஸ்லிம் வியாபாரிகள். அந்த ஆகஸ்டிலேயே பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, கூட்டத்துக்கு வந்திருந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும் ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்ததாகவும் சொன்னது. 2021 ஜூனில், அந்த நிகழ்ச்சிகள் பற்றிப் பெங்களூரிலிருந்து போன புகாரின் பேரில், செய்தி சேனல்களின் இதே அமைப்பு நியூஸ்18 கன்னடாவுக்கு 1 லட்சம் ரூபாயும், சுவர்ணா நியூஸுக்கு 50,000 ரூபாயும் அபராதம் விதித்தது. உங்கள் விவகாரத்துக்கு நெருக்கமானவை 2024 பிப்ரவரி இறுதியில் அதே அமைப்பிலிருந்து வந்த உத்தரவுகள். கலப்புத் திருமணங்களையும் காதலையும் பொத்தாம் பொதுவாக 'லவ் ஜிஹாத்' ஆக்கியதற்காக டைம்ஸ் நவ் நவ்பாரத்துக்கு 1 லட்சம், நியூஸ்18 இந்தியாவுக்கு 50,000 அபராதம் விதித்து, வீடியோக்களை நீக்கச் சொன்னார்கள். அந்தச் சொல்லை இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார்கள். இந்த உத்தரவை உங்கள் கடிதத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அபராதத் தொகை ஒரு சேனலுக்குப் பெரிய விஷயமே இல்லை. 2008-இல் வைத்த 1 லட்ச உச்சவரம்பு எந்தப் பயமும் ஏற்படுத்தவில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. தாமதமும் உண்டு, மேலே சொன்ன உத்தரவுகள் நிகழ்ச்சி ஒளிபரப்பாகிப் பல மாதங்கள் கழித்துத்தான் வந்தன. ஆனாலும் வீடியோ இறங்குகிறது. அடுத்த முறை அதே தலைப்பை எடுக்கும்போது, ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவர் பழைய உத்தரவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

எல்லாச் சேனலும் இந்த அமைப்பில் உறுப்பினர் இல்லை. அமைப்பின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இதிலோ இது போன்ற வேறு அமைப்பிலோ உறுப்பினர் இல்லையென்றால் சேனலுக்கு எழுதிய பிறகு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போக வேண்டும். முஸ்லிம்கள் யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாக அரசுப் பணிகளில் ஊடுருவுவதாக நிகழ்ச்சி நடத்திய சுதர்சன் டி.வி. அப்படி வெளியே நின்ற சேனல்தான். அதை 2020 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம்தான் நிறுத்தி வைத்தது. உள்ளூர் கேபிள் சேனல் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள், கேபிள் டி.வி. சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவருக்கு நிகழ்ச்சியைத் தடுக்கும் அதிகாரம் தருகிறது. யூடியூபில் மட்டும் நடக்கும் சேனல்களை அங்கேயே 'வெறுப்புப் பேச்சு' என்று புகாரளிக்கலாம். பலன் முன்பின் இருக்கும்.

நாளிதழில் வந்ததென்றால் முதலில் ஆசிரியருக்கு, பிறகு இரண்டு மாதங்களுக்குள் பிரஸ் கவுன்சிலுக்கு. அவர்களால் அபராதம் போட முடியாது, கண்டிக்க மட்டுமே முடியும். ஆனால் பத்திரிகைகளில் ஆசிரியருக்கு நேரடியாக எழுதுவது பல நேரம் வேலை செய்கிறது. செய்தியை எழுதிய நிருபர் ஒருவர், தலைப்புப் போட்டவர் டெஸ்க்கில் இன்னொருவர் என்பதால், "உங்கள் நிருபர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், தலைப்புதான் கைதானவரின் மதத்தை இழுக்கிறது, நேற்று இதே பக்கத்தில் வந்த திருட்டுச் செய்தியில் மதம் இல்லையே" என்று ஒப்பிட்டுக் காட்டினால் காது கொடுக்கிறார்கள்.

நிகழ்ச்சி நேரடியாக வன்முறைக்குத் தூண்டினால் தாமதிக்காமல் காவல் துறையிடம் போங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு அதற்குரியது. வெறுப்புப் பேச்சில் புகார் வராவிட்டாலும் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கமெண்டில் வாதாடுவதை விட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் அந்த வீடியோவைத்தான் இன்னும் மேலே கொண்டுபோகும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகக் கையெழுத்திடுங்கள். உங்கள் தோழியைக் கையெழுத்துக்குக் கூப்பிட வேண்டாம். "நான் புகார் அனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சேர்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

புகார் அனுப்பியதை நாலு பேருக்குச் சொல்ல நினைத்தால் கடிதத்தின் வாசகத்தை மட்டும் பகிருங்கள். அந்தத் தம்ப்நெயில் படத்தையோ தம்பதியின் பெயரையோ சேர்க்காதீர்கள். என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குப் போகும் மனுவில்கூட அவர்கள் பெயர் தேவையில்லை. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், வீடியோ இணைப்பு இருந்தால் போதும்.