குழாயில் தண்ணீர் நூலா வருதா? கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, அடுப்படிக் குழாயில மட்டும் தண்ணி மெலிசா வருது.

ஒரே குழாய்னா டேங்க், மோட்டார் பக்கமே போக வேண்டாம். குழாய் வாயில இருக்கிற சல்லடையைக் கழற்றித் திறங்க. பாய்ஞ்சு வந்தா கோளாறு அதுலதான். ஒரு மணி நேரம் வினிகர்ல ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. ஆசிட் கூடாது, முலாம் போயிரும்.

வள்ளியூர்: போர்த் தண்ணி. வீடு முழுக்க வரவரக் குறையுது.

வரவரக் குறைஞ்சா குழாய்ல உப்பு படிஞ்சு அடைக்குது. ஒரே நாள்ல குறைஞ்சா வால்வு, இல்லைன்னா காத்து. டேங்க் வாய்ல உள்ள கேட் வால்வுக்கு அடுத்த யூனியனை (கழற்றி மாட்டுற இணைப்பு) கழற்றி வாளியைப் பிடிங்க. அங்கேயே மெலிசா வந்தா டேங்க் அடி வண்டல், இல்லைன்னா வால்வு. கைப்பிடி சுத்தும், உள்ளே தகடு தண்டை விட்டுக் கழன்று பாதையை மறிச்சுக் கிடக்கும். பால் வால்வா (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்புற வால்வு) மாத்திருங்க. அங்க நல்லா வந்தா கீழே ஒரு எல்போவை (குழாய் வளையுற இடத்து இணைப்பு) கழற்றிப் பாருங்க. பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய்னா முக்கால் இஞ்சுல பென்சில் நுழையுற ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். அதைச் சுத்தம் பண்ண முடியாது, சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்க. ஆசிட் ஊத்தச் சொல்லுதவன் பேச்சைக் கேக்காதீங்க.

தச்சநல்லூர்: டேங்க் காலியாகி நிறைச்சப்புறம் மாடிக் குழாயில புஸ்ஸுன்னு காத்துதான்.

கேட் வால்வுக்கு அடுத்தாப்புல ஒரு டீ (மூணு வாய் இணைப்பு) போட்டு, அரை இஞ்ச் ஏர் பைப்பை டேங்கோட தண்ணி மட்டத்துக்கு மேல தூக்கி, வாயைக் கீழ்நோக்கி வளைச்சு விடுங்க.

பேட்டை: கொத்தனார் டேங்கை 3 அடி ஏத்தச் சொல்லுதாரு.

குழாய்க்கு மேல 10 அடியில இருக்கிற டேங்க் தர்ற அழுத்தம் 0.3 பார். 3 அடி ஏத்தினா 0.09 கூடும், தண்ணி நூத்துக்குப் பதினஞ்சுதான் கூடும். ஏத்தாமலே இறங்குற லைனை முக்கால்ல இருந்து ஒரு இஞ்ச் ஆக்கினா ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

பேட்டை: பக்கத்து வீட்டுல ஏத்தினாங்க, நல்லாத்தான வருது?

ஏத்தும்போது குழாயையும் புதுசா போட்டாங்களான்னு கேட்டுட்டு வாரும்.

மேலப்பாளையம்: எதுக்கு வே இந்தச் சண்டை? பிரஷர் பம்ப் வச்சா முடிஞ்சுது.

அடைப்பை எடுக்காம வச்சா பழைய ஜிஐ இணைப்பெல்லாம் ஒழுகும். அடைப்பை எடுத்தா பாதி வீட்டுக்குப் பம்பே தேவைப்படாது.

பேட்டை: போட்டாங்களாம், ஒரு இஞ்ச்.

சரி.

அம்பாசமுத்திரம்: குளியலறைக் குழாய் ஒண்ணுல மட்டும்...

முதல் பதிலைப் படிங்க.

கேடிசி நகர்: மாநகராட்சி இணைப்புல நேரா மோட்டார் வைக்கலாமா?

கூடாது, சட்டப்படியும் தப்பு. லைன்ல அழுத்தம் இறங்கினா, கசிவு வழியா சாக்கடைத் தண்ணியையும் சேர்த்து உறிஞ்சும். தொட்டியில விழவிட்டு அங்கிருந்து ஏத்துங்க.

திசையன்விளை: ஷவர் மட்டும் மெலிசா...

சல்லடை. வினிகர். ஆசிட் இல்லை.