ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பது எப்படி?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஓர் உபுண்டு சர்வரை முப்பது பேர் பயன்படுத்துகிறோம். வலைப்பக்கங்களை வழங்கும் அப்பாச்சி நிரல் நின்றுபோனால் ரீஸ்டார்ட் செய்யவும், அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தவும் ஆய்வக உதவியாளருக்கு உரிமை தர வேண்டும். சர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். நாளைக்கு ஏதாவது உடைந்தால், செய்தது யார் என்றே தெரியாது. எல்லாம் ரூட் பெயரில்தான் பதிவாகியிருக்கும். குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட்டாக ஓட்டவிடும் சூடோ வழியாகக் கொடுங்கள். அவர் தன் சொந்த பாஸ்வேர்டைத்தான் போடுவார், ஒவ்வொரு கட்டளையும் அவர் பெயரோடு லாக்கில் ஏறும். ஆனால் அவரை 'சூடோ' குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். உபுண்டுவில் அந்த குரூப்புக்கு எல்லா அதிகாரமும் உண்டு. பலரும் சறுக்குகிற இடம் இது.

அவருக்கென்று தனி விதி எழுதுங்கள். சூடோ விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் டைரக்டரிக்குள் (/etc/sudoers.d) ஒரு ஃபைல், அதுவும் அந்த விதிகளைத் திருத்துவதற்கென்றே உள்ள விசூடோ கட்டளை கொண்டு மட்டும். எழுத்துப் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே அது சொல்லிவிடும். ஃபைல் பெயரில் புள்ளி வைக்காதீர்கள்; புள்ளி உள்ள ஃபைலை சூடோ சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும், காரணம் தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் தேடுவீர்கள். விதியில், சர்வீஸ்களைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளையின் முழுப் பாதையையும், அதன் பின்னால் ரீஸ்டார்ட், அப்பாச்சி2 என்ற இரண்டையும் எழுதுங்கள். சிஸ்டம்சிடிஎல் என்று மட்டும் விட்டால், எந்த சர்வீஸை வேண்டுமானாலும் அவர் நிறுத்தலாம்.

அடுத்தது ஃபைல் திருத்தம். இங்கேதான் நிதானம் வேண்டும். விம் எடிட்டரை ரூட்டாக ஓட்ட அனுமதித்தால், உள்ளே முக்காற்புள்ளி, ஆச்சரியக்குறி, பாஷ் என்று தட்டினால் போதும், எந்தக் கட்டளையையும் ரூட்டாக ஓட்டக்கூடிய ரூட் ஷெல் திறந்துவிடும். அதனால் சூடோஎடிட் கொடுங்கள். அது ஃபைலின் நகலை அவருடைய உரிமையிலேயே திறந்து, முடித்த பிறகு திரும்ப வைக்கும்.

அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அப்பாச்சி ரூட்டாகத்தான் தொடங்குகிறது. லாக்கை வேறொரு நிரலுக்கு அனுப்பும் வரியை கான்ஃபிக்கில் சேர்த்தால், ரீஸ்டார்ட் ஆனதும் அந்த நிரலும் ரூட்டாக ஓடும். ஆக, கான்ஃபிக்கும் ரீஸ்டார்ட்டும் சேர்ந்து ஒருவர் கையில் இருந்தால், அவர் கிட்டத்தட்ட ரூட்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரீஸ்டார்ட்டை மட்டும் கொடுப்பேன். கான்ஃபிக் மாற்றத்தை அவர் எழுதிக் காட்டட்டும், நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள்.

முடித்ததும் சூடோவுக்கு சிறிய எல், பெரிய யூ, பிறகு அவர் பெயர் கொடுத்து (sudo -l -U பெயர்) ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கட்டளைதான் பட்டியலில் வர வேண்டும். அப்புறம், ரூட் பாஸ்வேர்டு ஏற்கெனவே யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.