மீன்தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது?

கேள்வி (வாசகர், கொக்குவில்): இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றில் கிணற்றுத் தண்ணீரை விட்டு மீன் வளர்க்க எண்ணியிருக்கிறோம். நிறம் பூசிய கல், கறுப்பு உருண்டை மண் என்று கடையில் பலவற்றைக் காட்டுகிறார்கள். வடமராட்சி கிழக்கிலிருந்து கடற்கரை மணல் கொண்டுவந்து தருவதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். எதைப் போடலாம்?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக் கேத்திலின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாக இருப்பதால் நமது கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர், அதாவது சுண்ணாம்பு அதிகம் கரைந்த நீர். தொட்டியின் அடியில் போடுவதைத் தெரிவதற்கு முன் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கறுப்பு உருண்டை மண் நீரின் வன்மையை உறிஞ்சி, அதைச் சற்றே அமிலத் தன்மைக்குக் கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்டது. மென்னீரில் அது நெடுநாள் உழைக்கும். நமது கிணற்று நீரிலோ, தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய சுண்ணாம்பு வந்து சேர்வதால், அதன் ஆற்றல் விரைவிலேயே தீர்ந்துவிடும். மாரியில் மழைநீரைச் சேமித்து அதையே பயன்படுத்துகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது வீண் செலவு என்பதே என் கருத்து.

கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். ஒரு பிடி மணலைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வினாகிரியை ஊற்றினால் குமிழிகள் கிளம்புவதைக் காணலாம். சுண்ணாம்பு நீரில் கரையும் என்று சொல்லி இதைப் பலர் தடுப்பார்கள். ஆனால் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த நீரில் அது பெரிதாகக் கரைவதில்லை, கப்பி, மொலி, பிளாற்றி போன்ற மீன்களோ வன்னீரையே விரும்புபவை. எனக்குள்ள தயக்கம் வேறு. அந்த மணல் மிகவும் நுண்ணியது. தடிப்பாகப் போட்டால் இறுகி, உள்ளே ஒட்சிசன் செல்லாமல் கறுத்து, கிளறும்போது கூழ்முட்டை நாற்றம் வீசும். மேலும், அனுமதியின்றி மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதை உங்கள் உறவினருக்கும் நினைவூட்டுங்கள்.

நான் பரிந்துரைப்பது 2 முதல் 3 மில்லிமீற்றர் பருமனுள்ள சாதாரண ஆற்றுப் பரல். கட்டட வேலைக்கு வாங்கிய ஆற்று மணலை அரிக்கும்போது, கீழே விழுவது மேசனுக்கு, அரிதட்டில் தங்குவது உங்களுக்கு. தொட்டியில் 5 சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஏறக்குறைய 9 லீற்றர், அதாவது 14 கிலோ அளவில் தேவைப்படும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக இட்டுக் கையால் அளைந்து, கலங்கல் நீங்கித் தண்ணீர் தெளிவாக வழியும் வரை அலசுங்கள், சவர்க்காரம் கூடாது. பின்புறம் உயர்வாகவும் முன்புறம் தாழ்வாகவும் பரப்பினால் கழிவு முன்னே வந்து சேரும், குழாயால் உறிஞ்சி எடுப்பதும் எளிது. நிறம் பூசிய கல்லைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மலிவானவற்றில் பூச்சு உரியும்.

கேள்வி (வாசகி, நெல்லியடி): எங்கள் தொட்டியில் கருங்கற் சல்லி போட்டிருக்கிறோம். அடியில் மேயும் கொறிடோராஸ் மீன்களின் மீசை குட்டையாகிக்கொண்டே போகிறது. சல்லியை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதே நல்லது. இம்மீன்கள் மணலுக்குள் முகத்தைப் புதைத்து இரை தேடுபவை. கூரிய விளிம்புகளில் மீசை உராய்வதும், சல்லியின் இடைவெளிகளில் தேங்கிய அழுக்கால் புண்ணாவதும் சேர்ந்தே இந்த நிலையை உண்டாக்குகின்றன. அவற்றுக்கு வழவழப்பான மென்மணல் வேண்டும். ஆனால் ஒரே நாளில் முழுவதையும் அள்ளிவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்ரீரியாக்கள் அந்தக் கற்களின் மேற்பரப்பிலும் குடியிருப்பதால், வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுத்து மாற்றுங்கள். அந்த நாட்களில் வடிகட்டியின் பஞ்சைக் கழுவ வேண்டாம். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்தால், அடிவரை தேயாத மீசை மீண்டும் வளரக்கூடும்.

கேள்வி (மாணவர், உரும்பிராய்): தோட்டத்துச் செம்மண்ணை அடியில் போட்டு நீர்த்தாவரம் வளர்க்கலாமா?

பதில்: தொட்டி முழுவதும் பரப்பினால் ஒரு மீன் கிளறியதுமே தண்ணீர் தேநீராகிவிடும். மரக்கறித் தோட்ட மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் எஞ்சியிருக்கலாம் என்பதால் அதை எடுக்கவே வேண்டாம். எதுவும் தெளிக்காத இடத்து மண்ணைச் சிறிய மண்சட்டியில் இட்டு, மேலே இரண்டு விரற்கடை பரல் மூடி, வன்னீரில் நன்றாக வளரும் வலிஸ்நேரியாவை நட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் செடிக்கு உணவாகும் நைத்திரேற்று ஏற்கெனவே அதிகம். செடிக்கெனத் தனியாக உரம் வாங்க வேண்டியிராது.