பழைய ரிம்மில் ரியூப்லெஸ் ரயர்: நாடா சுற்றுவதற்கு முன்

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியர். கொழும்பில் பாவித்த ரோட் பைக் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வாழைச்சேனை வரை ஓடி வருகிறேன். வீதியோர நெருஞ்சி முள்ளால் அடிக்கடி காற்றுப் போகிறது. முகநூலில் சைக்கிள் பொருட்கள் விற்கும் ஒருவர், இப்போதுள்ள ரிம்மிலேயே நாடா சுற்றி ரியூப்லெஸ், அதாவது ரியூப் இல்லாமலே ஓடும்படி, ஆக்கித் தருவதாகவும், ரயர்கூடப் பழையதே போதும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். அந்த ரிம் ரியூப்லெஸ்ஸுக்கென்றே செய்யப்பட்டதா என்பது உறுதியாகும் வரை அவருக்கு ஒரு ரூபாய் முற்பணமும் கொடுக்காதீர்கள். பழைய ரயரைப் பற்றி அவ்வளவு விசாரிக்கவும் தேவையில்லை. ரியூப் போட்டு ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ரயரை எந்த ரிம்மிலும் ரியூப் இல்லாமல் ஓடக்கூடாது.

ரியூப் உள்ள சில்லில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ரியூப்தான். ரயரின் தடித்த ஓரத்துக்கு ரிம்மில் ஊன்றி நிற்கும் வேலை மட்டுமே. ரியூப்பை எடுத்துவிட்டால், காற்றை அடைப்பதும் இடம் பெயராமல் நிற்பதும் அந்த ஓரத்தின் பொறுப்பாகிவிடுகிறது. அதனால்தான் ரியூப்லெஸ் ரயரின் ஓரத்தை எளிதில் இழுபடாத நாரினால் இறுக்கமாகச் செய்கிறார்கள். சாதாரண ரயரின் ஓரம் சற்று இழுபட்டாலே ரயர் ஒரு கணத்தில் கழன்றுவிடும். அது முன்சில்லில் நடந்தால் காறை எலும்பு முறிவதற்கு அதிக வேகம்கூடத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளுக்குச் செய்கிறோமே என்று கடைக்காரர் சொல்வார். அங்கே காற்று 30 பி.எஸ்.ஐ. அளவுதான், 70 கிலோ எடையுள்ள ஒருவர் 28 மில்லிமீற்றர் அகல ரோட் பைக் ரயரில் ஓடுவதற்கு 60 முதல் 70 வரை வேண்டும். அங்கே துளையை அடைக்கக் குத்தும் தடித்த திரியும் ஊற்றும் திரவமும் இந்த மெல்லிய ரயருக்கு உரியவை அல்ல.

ரிம்மை நீங்களே பார்க்கலாம். ரயரைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் நாடாவையும் உரித்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். ரியூப்லெஸ் ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடும்; அதன் இரு பக்கமும் தட்டையான திட்டும், திட்டின் உள்விளிம்பில் விரல் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு சிறு மேடும் இருக்கும். ரயரின் ஓரம் அந்த மேட்டைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால், காற்று முழுவதும் இறங்கினாலும் இலகுவில் பள்ளத்துக்குள் சரியாது. எத்தனை சுற்று நாடா சுற்றினாலும் இல்லாத மேடு முளைக்கப்போவதில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரியூப்லெஸ்ஸுக்கென்றே செய்யப்பட்ட ரிம்களிலும் ஒரு வகையின் சுவர், உட்பக்கம் கொக்கி போல வளையாமல் நேராக நிற்கும். ரிம்மில் 622 என்ற விட்ட அளவோடு ‘ரீ.எஸ்.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது இந்த வகை, ‘ரீ.சீ.’ என்றிருந்தால் கொக்கி உள்ளது. நேர்ச்சுவர் ரிம்மில் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கவே கூடாது; உள்ளே ரியூப் போட்டிருந்தாலும் இதே வரம்புதான். வீட்டுக்குள் வைத்து விடியற்காலையில் 70 அடித்த ரயர், பாசிக்குடாவில் நடுப்பகல் வெயிலில் 30 பாகை கூடுதலாகச் சூடேறினால் 78 வரை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரயரும் ரிம்மின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உள்ளகலம் 25 மில்லிமீற்றர் உள்ள ரிம்முக்கு 28 ரயர் பொருந்தும் என்று நெடுநாள் விற்றார்கள். இன்றைய தரநிலை குறைந்தது 29 என்கிறது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் போட்டியில் பெல்ஜிய வீரர் தோமஸ் டி கென்ட் விழுந்தபோது, அவருடைய ரயர் இவ்வகை ரிம்மிலிருந்து கழன்று தொங்கியதை உலகமே பார்த்தது. பரிவாரத்தோடு வரும் வீரருக்கே இப்படி நேரும்போது, தயாரிப்பாளர்கள் ரிம்முக்கு ஓர் அட்டவணையும் ரயருக்கு வேறோர் அட்டவணையும் வெளியிட்டு, இரண்டையும் ஒப்பிடும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்களைவிட மோசமானவர்கள் இடையில் நிற்கும் விற்பனையாளர்கள். ரிம் நாடாவுக்குப் பதிலாக மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை ஒட்டிய சில்லுகள் என்னிடம் வருகின்றன. பசை வெப்பத்தில் இளகி, ரிம்மின் ஆரக் கம்பித் துளைகளின் வழியே காற்றுக் கசிந்துகொண்டிருக்கும். முள் துளையை உள்ளிருந்து அடைக்கும் பால் போன்ற திரவத்தை, பெயரும் திகதியும் இல்லாத சோடாப் போத்தலில் விற்கிறார்கள். சிலர் விற்பது தண்ணீர் கலந்த இறப்பர் பால்தான். அது சில நாட்களில் கட்டிபட்டு உருண்டையாகிவிடும். அதில் சேர்க்கும் அமோனியா கூடிவிட்டால் அலுமினிய ரிம்மையும் அரிக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் முகநூல் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கிவிட்டு எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? பற்றுச்சீட்டில் ரிம்மின் பெயரையும் அளவையும் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் ரிம் சாதாரணமானது என்று தெரிந்தால், ரியூப்போடேயே இருங்கள். சட்டகத்தில் இடமிருந்தால் முள் தாங்கும் பட்டி வைத்த 28 ரயரும், வால்வின் உள்முனை கழலும் ரியூப்பும் வாங்கி, ரியூப்புக்குள் பெயரும் திகதியும் உள்ள அடைப்புத் திரவத்தைச் சிறிது விட்டாலே நெருஞ்சித் தொல்லை வெகுவாகக் குறையும்.

ரிம் ஏற்றதாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள்; நெருஞ்சி போடும் சிறு துளை ரியூப்லெஸ் மிக நன்றாக அடைக்கும் வகையைச் சேர்ந்தது. ரயரை ஏற்றும்போது ஓரம் முழுவதையும் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து வால்வருகே முடியுங்கள்; இரும்பு நெம்புகோலைக் கிட்டக் கொண்டுவராதீர்கள். ஓரம் ‘டக்’ என்று ஏறி உட்காரக் கம்பிரசர் தேவைப்படலாம், ஆனால் மானி இல்லாத லொறிக் கடைக் குழாயைப் பிடிக்காதீர்கள். ரயரிலும் ரிம்மிலும் எழுதியுள்ள உச்ச அளவுகளில் குறைந்ததே உங்கள் எல்லை. 28 ரயருக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர் திரவம் போதும், எனினும் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்முனையைக் கழற்றி, மெல்லிய கம்பியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்று ரியூப் ஒன்றைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். கண்ணாடி கிழித்த பெரிய வெட்டைத் திரவம் அடைக்காது. அப்போது ரியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு ரியூப்பைப் போடுவீர்கள்; அதற்கு முன் ரயரின் உட்புறம் முழுவதையும் துணியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். திரவம் சத்தமில்லாமல் அடைத்துவிட்ட பழைய நெருஞ்சி முனைகள் அங்கே உடைந்து நின்றுகொண்டிருக்கும். ஒன்றை விட்டுவிட்டாலும் புது ரியூப் சில நிமிடங்களில் போய்விடும். ஏறாவூரைத் தாண்டுவதற்குள் மீண்டும் இறங்க நேரிடும்.