வைஃபை வர கெர்னல் கம்பைல் செய்ய 3,000 ரூபாயா?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ரைசன் லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸில் எல்லாம் ஓடியது. அதை அழித்துவிட்டு, என்னிடம் பழைய பென்டிரைவில் இருந்த டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டேன். வைஃபை தெரியவே இல்லை. லேப்டாப்பின் சொந்த மைக்கும் வேலை செய்யவில்லை. வைஃபை சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். சர்வீஸ்காரர், கெர்னலை ரீகம்பைல் செய்தால் இரண்டும் வந்துவிடும், 3,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். லேப்டாப்பில் கோளாறு இல்லை; பென்டிரைவுக்குத்தான் வயதாகிவிட்டது.

டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். அதில் இருப்பது 6.1 கெர்னல்; கெர்னல் என்பது வன்பொருளையும் மற்ற நிரல்களையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி. உங்கள் வைஃபை சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்ததோ 6.2இல். ஒரே ஒரு படி தள்ளிப் போய்விட்டது. 6.1ஐயே எத்தனை முறை கம்பைல் செய்தாலும் அதில் இல்லாத டிரைவர் வந்துவிடாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கம்பைல் என்பது இருக்கும் மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது, அவ்வளவுதான்.

சர்வீஸ்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். புதிய கெர்னலின் மூலநிரலை இறக்கி அவர் கம்பைல் செய்தால் வைஃபை வரும். ஆனால் அந்த வேலையை டெபியன்காரர்களே செய்து வைத்திருக்கிறார்கள்: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 6.12 கெர்னல் இருக்கிறது. 12ஐ விட மனமில்லை என்றால், புதிய தொகுப்புகளைப் பழைய வெர்ஷனுக்கு ஏற்றபடி தரும் அதன் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலும் 6.12 கிடைக்கும், கூடவே சிப்புக்குள் ஏற்றவேண்டிய நிரலான ரியல்டெக் ஃபர்ம்வேர் தொகுப்பையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் இருக்கும்போது கிரைண்டரை வாடகைக்கு எடுப்பானேன்? வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிரும் டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் உடனே இணைந்துவிடும்.

சொந்தக் கெர்னலுக்கு இன்னொரு செலவும் உண்டு, அதை யாரும் பில்லில் எழுதுவதில்லை. டெபியன் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குத் தானாக வராது. ஒவ்வொரு முறையும் நீங்களே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அல்லது அவரிடம் மறுபடி போக வேண்டும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் லேப்டாப்பில், கையொப்பம் இல்லாத கெர்னல் பூட்டே ஆகாது. கையொப்பமிடச் சாவி உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் ஒரு சவுண்ட் கார்டுக்காக இரவு முழுக்க கம்பைல் ஓடவிட்டு, விடியற்காலையில் கரன்ட் போய் முதலிலிருந்து ஆரம்பித்தவன்தான். அதில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மைக் விஷயம் வேறு. உங்களுடையதைப் போன்ற ஏஎம்டி (ரைசனைச் செய்யும் நிறுவனம்) சிப் உள்ள லேப்டாப்கள் பலவற்றில் மைக்குக்கான டிரைவர் கெர்னலில் இருக்கும். ஆனால் எந்தெந்த மாடலில் அதை எழுப்ப வேண்டும் என்று அதற்குள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். உங்கள் மாடலின் பெயர் அதில் இல்லாவிட்டால் மைக் ஊமைதான். 6.12இல் சேர்ந்திருக்கவும் கூடும், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால், கம்பைல் செய்வதில் உண்மையிலேயே அர்த்தமுள்ள இடம் இதுதான்: அந்தப் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நாலைந்து வரி சேர்த்து, கெர்னலின் தனித் துண்டான அந்த ஒரு மாட்யூலை மட்டும் கம்பைல் செய்தால் போதும். முழுக் கெர்னலும் தேவையில்லை. சரியாக வந்தால் அந்தத் திருத்தத்தைக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் சேர்த்துக்கொண்டால் வருங்கால வெர்ஷன்களில் உங்களுக்கு இந்த வேலையே இருக்காது. இதற்கு மட்டும் சர்வீஸ்காரர் நியாயமான தொகை கேட்டால் கொடுக்கலாம்.

ஆணையம் பற்றி: பொருள் விற்கும்போது சொன்னபடி விண்டோஸில் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் குறைபாடு என்று எதைக் காட்டுவது? கடைக்காரரோ விளம்பரமோ 'லினக்ஸும் ஓடும்' என்று எழுத்தில் சொல்லியிருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸ் போடுவதற்காகவே லேப்டாப் வாங்கப் போகிறேன். கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் ஒன்றின் புதிய வெர்ஷனைப் பென்டிரைவில் கொண்டுபோய், நிறுவாமலே பூட் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். வைஃபை, சத்தம், மைக், கேமரா, டச்பேட், பிறகு மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, இவ்வளவும் பத்து நிமிட வேலை. மறுத்தால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை சிப்பின் பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே வேறு வேறு வைஃபை கார்டு வருவது உண்டு என்பதால், ஷோகேஸில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

வைஃபை கார்டு மதர்போர்டோடு பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா என்றும் கேளுங்கள். கழற்ற முடிந்தால் பின்னால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாட்டிக்கொள்ளலாம், சில லேப்டாப்களைத் துவக்கும் நிரலான பயாஸ் வேறு கார்டை ஏற்காது என்றாலும். ஏஎக்ஸ்211 என்று ஒன்று பக்கத்திலேயே வைத்து விற்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஏஎம்டி லேப்டாப்பில் ஓடாது. கைரேகை சென்சார் உங்களுக்கு முக்கியம் என்றால், அதன் பெயர், லினக்ஸில் கைரேகை சென்சாரை இயக்கும் லிப்எஃப்பிரின்ட் என்ற நிரலின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அது கெர்னலுக்கு வெளியே நடக்கும் வேலை. கெர்னலை எத்தனை முறை கம்பைல் செய்தாலும் வராது.